உங்கள் உள்ளங்கையைத் துளைத்துச் செல்லும் மியூவான்: ஊட்டியில் எண்ணுவது ஏன்? டார்க் மேட்டர் தேடலில் அதற்கு என்ன வேலை?

"இன்று நள்ளிரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை பூமிக்குப் பக்கத்தில் காஸ்மிக் கதிர்கள் கடந்து போகும், செல்போனை ஆஃப் செய்து தூரமாக வையுங்கள்" என்ற ரீதியில் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபேமிலி குரூப்பில் யாராவது ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ கட்டாயம் அனுப்பியிருப்பார்கள். சில மாதம் ஓய்ந்திருக்கும், பிறகு மறுபடி கிளம்பும்.

அதில் ஒரே ஒரு விஷயம்தான் உண்மை. காஸ்மிக் கதிர்கள் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அவை நள்ளிரவுக்காகக் காத்திருப்பதில்லை. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உள்ளங்கை வழியாகச் சில துகள்கள் புகுந்து மறுபக்கம் போயிருக்கும். கையில் இருக்கும் செல்போனையும் துளைத்துக்கொண்டுதான் போயிருக்கும். அந்தத் துகளின் பெயர் மியூவான்.

இந்த மியூவானை எண்ணுவதற்கென்றே ஊட்டியில் ஒரு பிரம்மாண்ட கருவி இருக்கிறது. இன்னொரு பக்கம், இதே மியூவானிடம் இருந்து தப்பிப்பதற்காக விஞ்ஞானிகள் பூமிக்குள் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். தேனி பொட்டிபுரத்தில் மலையைக் குடைய வேண்டும் என்று சொன்னதற்கும் காரணம் இந்தத் துகள்தான்.

மியூவான் எங்கிருந்து வருகிறது?

விண்வெளியில் இருந்து புரோட்டான் போன்ற அணுத்துகள்கள் அதிவேகத்தில் பூமியை நோக்கி வந்துகொண்டே இருக்கின்றன. ஆஸ்திரியாவைச் சேர்ந்த விக்டர் ஹெஸ் 1912ல் கருவிகளோடு பலூனில் ஏறி, 5 கி.மீ.க்கும் மேலான உயரத்துக்குப் போய், மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று கண்டுபிடித்தார். அதாவது கதிர் மண்ணில் இருந்து வரவில்லை, வானத்தில் இருந்து வருகிறது. 1936ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேல் அடுக்கில் உள்ள காற்று அணுக்களில் மோதிச் சிதறும்போது பையான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவை கண் இமைப்பதற்குள் சிதைந்து மியூவானாக மாறுகின்றன. இதெல்லாம் நடப்பது சுமார் 15 கி.மீ. உயரத்தில்.

மியூவானை முதலில் பார்த்தவர்கள் அமெரிக்காவின் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மையரும். ஆண்டு 1936. எலக்ட்ரானுக்கு என்னென்ன குணம் உண்டோ எல்லாம் இதற்கும் உண்டு, எடை மட்டும் சுமார் 207 மடங்கு அதிகம். இப்படி ஒரு துகள் எதற்கு என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. 'இதை யார் ஆர்டர் செய்தது' என்று இசிடோர் ரபி என்ற இயற்பியலாளர் கேட்டதாக ஒரு கதை உண்டு. உண்மையில் அந்தக் கேள்விக்கு இன்றுவரை திருப்தியான பதில் இல்லை.

இன்னொரு விசித்திரம், மியூவானின் ஆயுள். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் அதில் 2.2 பங்குதான் அது சராசரியாக உயிரோடு இருக்கும். ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த நேரத்தில் 660 மீட்டருக்கு மேல் போக முடியாது. அப்படின்னா 15 கி.மீ. தாண்டி தரைக்கு எப்படி வருகிறது? ஐன்ஸ்டீன் சொன்னதுதான் விடை. அவ்வளவு வேகத்தில் ஓடும் பொருளுக்கு, நம் பார்வையில், நேரம் மெதுவாக நகரும். மியூவானின் 'கடிகாரம்' மெதுவாக ஓடுவதால் அதன் ஆயுள் நமக்கு நீண்டு தெரிகிறது. நேரம் நீள்கிறது என்பதை இந்த மியூவான்களை வைத்துத்தான் 1941ல் புரூனோ ரோஸியும் டேவிட் ஹாலும் அளந்து காட்டினார்கள்.

கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் வருகிறது. உள்ளங்கை அளவுக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு ஒன்று, சில சமயம் இரண்டு.

ஆபத்தா?

இல்லை. இயற்கையில் இருந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. அதில் காஸ்மிக் கதிர்களின் பங்கு 0.4 மில்லிசீவர்ட் அளவுதான். மிச்சம் பெரும்பாலும் மண், பாறை, காற்றில் உள்ள ரேடான், சாப்பாடு ஆகியவற்றில் இருந்து வருவது. மனித இனம் தோன்றியதில் இருந்தே இந்த மழையில் நனைந்துகொண்டுதான் இருக்கிறது.

செல்போனை ஆஃப் செய்யவும் தேவையில்லை. சொல்லப்போனால் செல்போனே ஒரு மியூவான் கருவிதான். கேமரா லென்ஸை வெளிச்சம் புகாதபடி கறுப்பு டேப்பால் மூடிவிட்டால், உள்ளே இருக்கும் சென்சாரில் மியூவான் படும்போது ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியோ கோடோ விழும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் இதற்காகவே 'டெகோ' என்று ஒரு ஆப் உருவாக்கினார்கள்.

ஊட்டியில் தினம் 400 கோடி

ஊட்டியில் கடல் மட்டத்தில் இருந்து 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே உள்ள பரிசோதனையின் பெயர் கிரேப்ஸ்-3. டூர் போகிறவர்கள் பலருக்கு இப்படி ஒன்று அங்கே இருப்பதே தெரியாது.

வெளியில் பார்த்தால் கூம்பு வடிவக் கூரை போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள், 8 மீட்டருக்கு ஒன்றாகச் சுமார் 400. ஒவ்வொன்றுக்குள்ளும் துகள் பட்டால் மினுக்கென்று ஒளிரும் சின்டிலேட்டர் என்ற பிளாஸ்டிக் பலகை. மியூவான் தொலைநோக்கி இதில் தனி. தொலைநோக்கி என்றதும் லென்ஸைத் தேட வேண்டாம். 6 மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள், மொத்தம் 3,712. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் வாயு நிரப்பி, நடுவில் தலைமுடி அளவு மெல்லிய கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் அதிக மின்னழுத்தம் கொடுத்திருக்கிறார்கள். மியூவான் குழாயைத் துளைத்துப் போகும்போது வாயுவில் இருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து கம்பியை நோக்கி ஓடும். கம்பியில் ஒரு மின்துடிப்பு வரும். அவ்வளவுதான் விஷயம்.

குழாய்களை நான்கு அடுக்காக, ஒரு அடுக்குக்கு மேல் இன்னொன்று குறுக்காக வைத்திருப்பதால், எந்தெந்தக் குழாயில் துடிப்பு வந்தது என்பதைப் பார்த்து மியூவான் எந்தத் திசையில் இருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். மேலே சுமார் 2 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட். எலக்ட்ரான் போன்ற மெலிந்த துகள்கள் அதில் நின்றுவிடும், மியூவான் மட்டும் கடந்து வரும். 560 சதுர மீட்டர் பரப்பில் தினமும் சுமார் 400 கோடி மியூவான்கள் பதிவாகின்றன.

இவ்வளவு எண்ணி என்ன பயன்? 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஊட்டிக்கு மேல் ஒரு இடிமேகம் வந்தது. அந்த நேரத்தில் மியூவான் எண்ணிக்கை 18 நிமிடத்துக்கு 2 சதவீதம் குறைந்தது. 400 கோடி எண்ணுகிற இடத்தில் 2 சதவீதம் என்பது தவறுதலாக வருகிற ஆட்டம் இல்லை.

மியூவான்களில் நேர் மின்னூட்டம் கொண்டவையும் உண்டு, எதிர் மின்னூட்டம் கொண்டவையும் உண்டு. நேர் ரகம் கொஞ்சம் அதிகம். மேகத்துக்குள் இருக்கும் மின்புலம் ஒரு ரகத்தை வேகப்படுத்தும், இன்னொன்றைத் தடுக்கும். வேகம் குறைந்தவை கான்கிரீட்டைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டதில், அந்த மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று வந்தது. அதற்கு முன்பு மேகத்துக்குள் பலூன் விட்டு அளந்ததில் கிடைத்த அதிகபட்சம் இதில் பத்தில் ஒரு பங்குதான். இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் அளவு இருக்கலாம் என்று 1920களில் சி.டி.ஆர். வில்சன் சொன்னதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து ஊட்டியில் இருந்து ஆதாரம் போனது. 2019 மார்ச்சில் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

மேகத்தைத் தொடாமலேயே மேகத்தை அளந்துவிட்டார்கள். எக்ஸ்ரே எடுப்பது போலத்தான். எகிப்தின் கூஃபு பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெற்றிடம் இருப்பதை 2017ல் சொன்னதும், புகுஷிமா அணு உலைக்குள் எரிபொருள் உருகிவிட்டதை உள்ளே போகாமல் காட்டியதும் இதே மியூவான் முறைதான்.

கோலார் கதை

இனி ஆழத்துக்கு. 'கேஜிஎஃப்' என்றால் இப்போது எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வரும். ஆனால் இயற்பியல் உலகில் அந்தப் பெயருக்கு வேறொரு மரியாதை உண்டு. கர்நாடகாவின் கோலார் தங்கவயல் சுரங்கம், அதில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

1950களின் தொடக்கத்தில் ஹோமி பாபாவின் யோசனைப்படி பி.வி. ஸ்ரீகண்டன் அங்கே கருவிகளை இறக்கி, ஆழம் கூடக் கூட மியூவான் எவ்வளவு குறைகிறது என்று அளக்கத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் 2.7 கி.மீ.க்கும் அதிக ஆழத்தில் கருவியை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை.

ஒன்றுமே வராத இடம் என்றால் ஏமாற்றம் என்று நினைப்போம். இவர்களுக்கு அது லாட்டரி. சத்தமே இல்லாத அறையில்தானே குண்டூசி விழும் ஓசை கேட்கும்? மியூவான் ஓசை இல்லாத அந்த ஆழத்தில் நியூட்ரினோவைத் தேடினார்கள். நியூட்ரினோ நேரடியாகத் தெரியாது. அது எப்போதாவது பாறையில் மோதினால் ஒரு மியூவான் பிறக்கும். மேலிருந்து வரும் மியூவான் செங்குத்தாக இறங்கும், நியூட்ரினோ பெற்ற மியூவான் பக்கவாட்டிலும் வரும். அதனால் கருவிகளைச் சுவர் மாதிரி நிற்கவைத்தார்கள். 1965ல் வளிமண்டல நியூட்ரினோ சிக்கியது. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ஃபிரெட்ரிக் ரெய்ன்ஸ் குழுவும் அதே நேரத்தில் கண்டுபிடித்தது. இரண்டு குழுவின் கட்டுரைகளும் அதே ஆகஸ்ட் மாதத்தில் சில நாள் இடைவெளியில் வெளியாகின, கோலார் கட்டுரை முன்னால்.

மியூவான் சில சமயம் சாட்சி, சில சமயம் இரைச்சல். இரண்டையும் பிரிப்பதில்தான் இந்தத் துறையின் பாதி உழைப்பு போகிறது.

டார்க் மேட்டர் தேடலில் மியூவான் ஏன் வில்லன்?

பிரபஞ்சத்தில் நாம் பார்க்கும் நட்சத்திரம், கோள், மண், மனிதர் எல்லாம் சேர்ந்து 5 சதவீதம்தான். சுமார் 27 சதவீதம் டார்க் மேட்டர் எனப்படும் கரும்பொருள், மீதி டார்க் எனர்ஜி. கரும்பொருள் ஒளியை விடுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. அதன் ஈர்ப்பு விசை மட்டும் தெரிகிறது. விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் உள்ள நட்சத்திரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுவதை 1970களில் வேரா ரூபின் காட்டிய பிறகு இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அது நம்மைச் சுற்றியும் இருக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் கணக்கு ஆச்சரியப்படுத்தும். பூமி அடைத்துக்கொண்டிருக்கும் இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், ஒரு நேரத்தில் அதற்குள் இருக்கும் கரும்பொருள் அரை கிலோ அளவுதான். அதைத்தான் தேடுகிறார்கள்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மூடப்பட்ட ஒரு தங்கச் சுரங்கத்தில், சுமார் 1.5 கி.மீ. ஆழத்தில் எல்.இசட். என்ற கருவி இருக்கிறது. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் 'செனான்', சீனாவின் ஜின்பிங் மலைக்கு அடியில் 'பாண்டா-எக்ஸ்'. டன் கணக்கில் திரவ செனானை நிரப்பிவைத்து, ஏதாவது ஒரு கரும்பொருள் துகள் ஒரு செனான் அணுவை இடிக்காதா என்று காத்திருக்கிறார்கள். இதுவரை இடிக்கவில்லை. இந்தியாவிலும் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியம் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் இதற்கென ஒரு சிறிய ஆய்வகம் உண்டு.

ஏன் ஆழம்? ஒரு மியூவான் பக்கத்துப் பாறையில் மோதினால் நியூட்ரான் ஒன்று தெறிக்கலாம். அந்த நியூட்ரான் வந்து செனான் அணுவை இடித்தால், கரும்பொருள் இடித்தது போலவே இருக்கும். ஆள்மாறாட்டம்! தரையில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்குச் சுமார் 6 லட்சம் மியூவான் வரும். கிரான் சாஸோவில் 1.4 கி.மீ. பாறைக்குக் கீழே அது மணிக்கு ஒன்றாகக் குறைகிறது. அந்த ஒன்றையும் விடக்கூடாது என்று கருவியைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி கட்டி, மியூவான் வந்தால் தண்ணீரில் தோன்றும் நீல ஒளியைப் பிடித்து, 'இந்த நேரத்தில் வந்ததைக் கணக்கில் சேர்க்காதே' என்று குறித்துக்கொள்கிறார்கள்.

அப்படியும் சண்டை ஓயவில்லை. அதே கிரான் சாஸோவில் டாமா என்ற குழு, கரும்பொருளின் அறிகுறி கிடைத்துவிட்டது என்று 1990களின் கடைசியில் இருந்து சொல்லிவருகிறது. மழையில் பைக் ஓட்டினால் முகத்தில் அதிகம் அடிக்கும் இல்லையா? அதுபோல பூமி சூரியனோடு சேர்ந்து விண்மீன் மண்டலத்தில் ஓடும் திசையிலேயே ஜூன் மாதத்தில் போவதால், அப்போது கரும்பொருள் அதிகம் மோதும், டிசம்பரில் குறையும். தங்கள் சோடியம் அயோடைடு படிகங்களில் ஆண்டுதோறும் இந்த ஏற்ற இறக்கம் தெரிகிறது என்பது அவர்கள் வாதம்.

இங்கேதான் சிலர் கையைத் தூக்கினார்கள். மியூவானும் கோடையில் கூடுமே? ஆம், கூடும். மேல் வளிமண்டலம் வெப்பத்தில் விரியும்போது காற்று மெலிகிறது. பையான்கள் இன்னொரு அணுவில் மோதாமல் சிதைந்து மியூவானாகும் வாய்ப்பு அதிகரிக்கிறது. கிரான் சாஸோவிலேயே இருந்த மியூவான் கருவிகள் இந்த ஆண்டு ஏற்ற இறக்கத்தை அளந்திருக்கின்றன, ஒன்றரை சதவீத அளவு. ஆனால் மியூவான் உச்சம் ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் வருகிறது. டாமாவின் உச்சம் அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முந்தி. அதனால் மியூவான்தான் குற்றவாளி என்றும் சொல்ல முடியவில்லை.

கடைசியில் ஸ்பெயினின் அனாய்ஸ், தென்கொரியாவின் கொசைன் என இரண்டு குழுக்கள் அதே வகைப் படிகங்களை வைத்துச் சோதித்தன. டாமா சொல்லும் ஏற்ற இறக்கம் தங்களுக்குத் தெரியவில்லை என்று 2025ல் வெளியான அவர்களின் கூட்டு ஆய்வு சொல்கிறது. டாமா பார்த்தது என்னவென்று இன்னும் முழுசாக யாராலும் விளக்க முடியவில்லை. எப்படியிருந்தாலும் தரவை நம்ப வேண்டுமானால் முதலில் மியூவானை அளந்திருக்க வேண்டும் என்பதை இந்த விவகாரம் எல்லோருக்கும் புரியவைத்தது.

வில்லனையே டார்ச் ஆக்கினால்?

சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். கரும்பொருள் அணுக்கருவோடு உறவே வைத்துக்கொள்ளாமல், மியூவானோடு மட்டும் வைத்துக்கொள்ளும் ரகமாக இருந்தால்? அப்போது எத்தனை டன் செனான் வைத்தாலும் ஒன்றும் தெரியாது.

அதனால் அவர்களின் திட்டம் இது: ஆழத்துக்குப் போக வேண்டாம், மேலேயே இருப்போம். ஒரு காலிப் பெட்டி. அதற்கு மேலேயும் கீழேயும் மியூவான் பாதையைத் துல்லியமாகக் குறிக்கும் கருவிகள். இலவசமாகக் கொட்டும் காஸ்மிக் மியூவான்கள் மேலிருந்து நுழைந்து கீழே போகும். வழியில் எதுவும் இல்லையென்றால் நேராகப் போக வேண்டும். பெட்டிக்குள் அலையும் கரும்பொருள் துகள் ஒன்றில் மோதினால் சட்டென்று பெரிய கோணத்தில் திரும்பும். காற்று அணுக்களும் கருவியின் பாகங்களும்கூட மியூவானைத் திருப்பும் என்பதால் அந்தக் கணக்கைக் கழிப்பதுதான் பெரிய வேலை. கரும்பொருள் உடனே சிக்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. 'இந்த அளவுக்கு மேல் மியூவானோடு மோதாது' என்று ஒரு எல்லையை வரைய முடிந்தாலே புதுத் தகவல்தான், ஏனென்றால் செனான் தொட்டிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

பொட்டிபுரமும் மதுரையும்

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 50,000 டன் இரும்புக் கருவி, எல்லாத் திசையிலும் ஒரு கிலோமீட்டர் பாறை. காடு, நீர், புலிகள் நடமாட்டம், சுரங்க வேலை பற்றிய அச்சம் எனக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அனுமதி தர முடியாது என்று தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

அந்த ஒரு கிலோமீட்டர் பாறை நியூட்ரினோவிடம் இருந்து யாரையும் காப்பாற்ற அல்ல. நியூட்ரினோ பூமியையே துளைத்துப் போகக்கூடியது. பாறை வேண்டியது மியூவானை வடிகட்டத்தான். ஒரு கிலோமீட்டர் பாறை மியூவானைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கும். சர்ச்சை நடந்த காலத்தில் இந்தச் சின்ன விளக்கம் ஊர் மக்கள் வரை சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது உண்மை.

அப்போ பாறைக்குப் பதில் வேறு வழி இல்லையா? இந்தக் கேள்வியை விஞ்ஞானிகளே கேட்டிருக்கிறார்கள். மதுரையில் 85 டன் எடையில் 'மினி ஐகேல்' என்ற மாதிரிக் கருவி 2018 முதல் தரைமட்டத்திலேயே இயங்கிவருகிறது. இரும்புத் தகடுகளுக்கு நடுவில் மியூவானைப் பிடிக்கும் கண்ணாடி அறைகள். அதைச் சுற்றிச் சின்டிலேட்டர் பலகைகளால் சுவரும் கூரையும் அமைத்து, வெளியில் இருந்து நுழையும் ஒவ்வொரு மியூவானையும் 'இது வெளி ஆள்' என்று அடையாளம் காண்பது திட்டம்.

கணக்கு எளிது. 100 மீட்டர் ஆழம் இருந்தாலே மியூவான் நூறில் ஒன்றாகக் குறைந்துவிடும். மீதியில் 99.99 சதவீதத்தைச் சுவர் அடையாளம் கண்டுவிட்டால், அதாவது பத்தாயிரத்தில் ஒன்றை மட்டும் தவறவிட்டால், நூறும் பத்தாயிரமும் பெருக்கிப் பத்து லட்சம். ஒரு கிலோமீட்டர் மலை செய்யும் வேலை. மும்பையில் சிறிய அளவில் செய்து பார்த்தபோது 99.98 சதவீதத்தை நெருங்கினார்கள். கேட்க 0.01 சதவீத வித்தியாசம்தான், ஆனால் தப்பிக்கும் மியூவான் இரண்டு மடங்கு. பலகைகளுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதன் வழியாக மியூவான் நுழைந்துவிடும் என்பதால், பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று சற்றே தள்ளித் தள்ளி அடுக்கி, மேல் அடுக்கின் இடைவெளி கீழ் அடுக்கின் இடைவெளிக்கு நேராக வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.